கோணல் வாயும் கோடிச் சேலையும்

இரும்புலியூர் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் மீன் விற்கும் புஷ்பலதாவைப் பார்த்திராதவர்கள் இருக்கலாம், கேட்டிராதவர்கள் இருக்க முடியாது. "சங்கரா, வவ்வால், நெத்திலி! காலைல புடிச்சது, கண்ணப் பாரு கண்ண!" என்று அவள் ஒரு குரல் விட்டால், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் கூடத் திரும்பிப் பார்ப்பான். வாயை வைத்துப் பிழைத்தவள். வினையும் அந்த வாய்க்குத்தான் வந்து சேர்ந்தது.

கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள் அவள். கட்டிக்கொடுத்து இரும்புலியூருக்கு வந்தாள். கட்டியவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகள் சத்யப்ரியா பள்ளிக்கூடம் கூட முடிக்கவில்லை. அழுதுகொண்டே உட்கார்ந்தால் உலை கொதிக்குமா? கருமாதி முடிந்த கையோடு கடைக்கு வந்துவிட்டாள். அவளை அப்படி இழுத்து வந்தது அவள் அக்கா முத்தாலம்மாள்தான். அப்பன் ஆத்தா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, ஒருத்திக்கு ஒருத்தி. ஒரே குடை, ஒரே ஐஸ் பெட்டி, ஒரே டீயை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடிப்பார்கள். அக்கா மீனைச் செதில் சீவி வெட்டுவாள், தங்கை கூவுவாள்.

அப்படி இருந்த அக்கா தங்கை எதில் பிரிந்தார்கள் என்றால், ஒரு கல்யாணத்தில். முத்தாலம்மாளின் மகளுக்கு நலங்கு. மஞ்சள் அரைத்தது புஷ்பலதா, பந்திக்கு மீன் பார்த்து எடுத்து வந்தது புஷ்பலதா, ராப்பகலாய்ப் பம்பரமாகச் சுற்றியது புஷ்பலதா. நலங்குத் தட்டை எடுத்துக்கொண்டு ஆசையாக முன்னால் போனாள். அவளுடைய தாலியில்லாத கழுத்தைப் பார்த்துச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். முத்தாலம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து தட்டைத் தங்கையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் எதிரில் சொன்னாள்: "நீ கொஞ்சம் பின்னாடி நில்லு புஷ்பா."

வேறொருத்தி சொல்லியிருந்தால் புஷ்பலதா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பாள். சொன்னது அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். சாப்பிடாமல் வீட்டுக்குக் கிளம்பினாள். ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, கடித்த பல்லைத் திறக்காமலேயே முனகினாள்: "உனக்கும் ஒரு நாள் வரும்டி. அன்னிக்கு நீயும் பின்னாடி நிப்ப."

அதோடு சரி. முத்தாலம்மாள் வீட்டை மாற்றிக்கொண்டு கோவிலம்பாக்கம் போய்விட்டாள். அங்கேயே கடையும் போட்டாள். ஒரே ரத்தம் என்று பெயர், இவள் செத்தாளா இருக்கிறாளா என்று அவளும் கேட்கவில்லை, அவள் இருக்கிறாளா என்று இவளும் கேட்கவில்லை.

வலி எப்போது ஆரம்பித்தது என்று புஷ்பலதாவுக்கே தெரியாது. முதலில் காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கும், வெந்நீர் குடித்தால் விடும். அப்புறம் காதுக்குள் குத்தியது. அப்புறம் பொட்டில் இடித்தது. கடைசியில் வாய் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கூடத் திறக்க மறுத்தது. மீன்காரி வாயைத் திறக்க முடியாவிட்டால் எதை விற்பாள்? எதிர்க் கடைக்காரி கூவக் கூவ, இவள் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கிறவள் வீட்டில் மீனை மென்று தின்ன முடியாமல் கஞ்சியைக் கரைத்துக் குடித்தாள்.

"நைட்டெல்லாம் நறநறன்னு பல்லக் கடிக்கிறம்மா. எனக்கே பயமா கீது" என்றாள் சத்யப்ரியா. தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், அம்மாவோடு ஒரே அறையில் படுக்கிறவள்.

"வயித்துல பூச்சி இருந்தா அப்டிதான்" என்று புஷ்பலதா பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கினாள். பூச்சி இருந்ததோ இல்லையோ, வலி இருந்தது. காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "சொத்தை ஒண்ணும் தெரியலையேம்மா" என்று இழுத்தார்.

"உனக்குத் தெரியலன்னா எனக்குத் தெரியுது சார். இந்தப் பல்லுதான். புடுங்கிடு."

அவரும் பிடுங்கினார். கொஞ்ச நாளில் அதற்குப் பக்கத்துப் பல் என்றாள். அதையும் பிடுங்கினார். இரண்டும் நல்ல பல். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளாவது வலியில் உளறினாள், படித்த மனுஷனுக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? பல் போன இடம் ஆறியது, வலி அசையவில்லை. வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிடலாம் என்ற கடைசி நம்பிக்கையும் போய்விட்டது. "இந்தத் தலையக் கழட்டித் தண்டவாளத்துல வெச்சுட்டு வந்துடலாமான்னு கீதுடி" என்று ஒரு நாள் அவள் சொன்னபோது, சத்யப்ரியா வேலைக்குப் போகாமல் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரம்தான், பல மாதம் கழித்து, டாக்டர் ஸ்ம்ருதி மீன் வாங்க வந்தாள். பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாய், தாடை அறுவை சிகிச்சை பார்க்கிறவள். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் நெத்திலி வாங்குவாள்.

"என்னக்கா, உங்க சத்தமே கேக்கல?"

புஷ்பலதா தாடையைத் தொட்டுக் காட்டினாள். ஸ்ம்ருதி மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, காதுக்கு முன்னால் விரலை வைத்து, "பல்லைக் கடிங்க... விடுங்க" என்றாள். விட்ட பிறகும் விரலுக்கடியில் தசையின் இறுக்கம் தளரவில்லை.

"பல்லுல ஒண்ணும் இல்லக்கா. மெல்லுற தசைதான் பிரச்சனை. தூக்கத்துல கடிச்சுக் கடிச்சு அது ஓய்வே இல்லாம வேலை பாக்குது. டென்ஷன், கவலைன்னு காரணம் நிறைய இருக்கும். யார் மேலயாவது ரொம்பக் கோவமா இருக்கீங்களா?"

"எனக்கு யாரும்மா கீறாங்க, கோவப்பட?" என்றாள் புஷ்பலதா.

முதலில் ராத்திரி மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கவசம் செய்து கொடுத்தார்கள். அதையும் கடித்துப் பிளந்து கையில் கொண்டுவந்து நீட்டினாள். அப்புறம்தான் ஸ்ம்ருதி ஊசியைப் பற்றிச் சொன்னாள். தசையைத் தளர்த்துகிற ஊசி, போடாக்ஸ் என்று பெயர்.

"அய்ய! அது சினிமாக்காரங்க சுருக்கம் போவப் போட்டுக்கிறதாச்சே! ஊரே சிரிக்கும்."

"அதே மருந்துதான். உங்களுக்கு அழகுக்கு இல்ல, வலிக்கு. போட்ட உடனே கேக்காது, சில நாள் ஆகும். சில மாசம் வரைக்கும் நிக்கும். ஒண்ணே ஒண்ணு, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சரியா?"

சரி என்று எல்லாத் திசையிலும் தலையாட்டினாள். கல்லூரி ஆஸ்பத்திரி என்பதால் விலையும் கையைக் கடிக்கவில்லை. இரண்டு தாடையிலும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்து என்ன செய்தாள் தெரியுமா? மத்தியானம் வலது பக்கம் விண்ணென்று தெறித்தது. அடுப்பில் சட்டியை வைத்தாள். கல் உப்பைப் போட்டு வறுத்தாள். பழைய சேலைத் துணியில் முடிந்து, வேப்பெண்ணெய் தொட்டு, காதிலிருந்து வாயோரம் வரைக்கும் அழுத்தி அழுத்தி இழுத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வலை இழுத்துத் தோள் பிடித்தாலும் உப்பு, படகு தள்ளி இடுப்பு பிடித்தாலும் உப்பு என்று வளர்ந்த குப்பத்து ரத்தம். வலிக்கிற இடத்தைத் தொடாதே என்று சொன்னால் அந்த ஜனங்களுக்கு விளங்காது.

சத்யப்ரியா வேலை முடிந்து வந்து மூக்கைச் சுளித்தாள். "இன்னாம்மா வேப்பெண்ண வாட? டாக்டர் இன்னா சொன்னாங்க உங்கிட்ட?"

"டாக்டருக்கா வலிக்குது? வலிக்கிறது எனக்கு. போடி அப்பால."

சில நாள் ஒன்றுமே தெரியவில்லை. போச்சு, இதுவும் தண்டம் என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு காலையில் எழுந்தபோது தாடை லேசாக இருந்தது. பயந்து பயந்து வாயைத் திறந்தாள். திறந்தது! கடிக்கப் பார்த்தாள், பலம் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது, ஆனால் வலி இல்லை. "சத்யா, அடியே சத்யா, வலிக்கலடி!" என்று கத்திக்கொண்டே மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

சத்யப்ரியாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் வாயில் இடது ஓரம் மட்டும் மேலே ஏறியது, வலது ஓரம் அப்படியே கிடந்தது.

முகவாதம் என்றது அக்கம்பக்கம், காற்று பட்டுவிட்டது என்றது, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஸ்ம்ருதி கண்ணை மூடச் சொன்னாள், நெற்றியைச் சுருக்கச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள்.

"வாதமெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. மருந்து பக்கத்துல சிரிக்கிற தசைக்கும் கொஞ்சம் பரவியிருக்கு. தேய்ச்சீங்களா?"

"கொஞ்சூண்டு."

"ஒரு சட்டி உப்ப வறுத்துத் தேச்சுது டாக்டர்" என்றாள் சத்யப்ரியா.

ஸ்ம்ருதி பெருமூச்சு விட்டாள். "அதனாலயும் இருக்கலாம், சில பேருக்கு தேய்க்காமலே கூட வரும். மருந்து விட விடத் தானா சரியாகிடும்க்கா, சில வாரம் ஆகும். அதுவரைக்கும் ரொம்பச் சிரிக்காதீங்க."

"நான் வாழுற வாழ்க்கைக்கு சிரிப்பு ஒண்ணுதான் கொறச்சல், போம்மா" என்று வந்துவிட்டாள் புஷ்பலதா.

சிரிக்காமல் இருந்துவிடலாம், பேசாமல் இருக்க முடியுமா? விலை சொன்னால் ஓர் ஓரம் ஏறும். "இன்னா, நக்கலா சிரிக்கிற?" என்று வாடிக்கைக்காரர்கள் முறைத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். பரவாயில்லை, வலி போயிற்றே என்று அவள் தேற்றிக்கொண்டாள்.

அந்தக் கோணல் வாயோடு இருக்கும்போதுதான் குப்பத்திலிருந்து ஓர் உறவுக்காரி போன் செய்தாள். முத்தாலம்மாளின் புருஷன் கோதண்டம் விடிகாலையில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அக்கா வீட்டிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"சொல்லாத எடத்துக்குப் போவணுமாம்மா?" என்றாள் சத்யப்ரியா.

"கல்யாணத்துக்குக் கூப்ட்டாப் போவணும், சாவுன்னு கேள்விப்பட்டாப் போவணும். நான் போவலன்னா அவளுக்குக் கோடி யாருடி போடுவா?"

அவர்கள் ஜனத்தில் அப்படி ஒரு வழக்கம். தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். அதை அவள் மேல் போர்த்திய பிறகுதான் பாடை கிளம்பும். அதுதான் கோடி. அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் கொண்டுவருவார்கள். முத்தாலம்மாளுக்குப் பிறந்த வீடு என்று உலகத்தில் மிச்சமிருந்தது புஷ்பலதா ஒருத்திதான். கோடி வராவிட்டால், நாதியற்றவள் என்று அத்தனை பேர் எதிரில் ஆகிவிடும். அத்தனை பேர் எதிரில் தலை குனிவது எப்படி இருக்கும் என்று புஷ்பலதாவுக்குத் தெரியும்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சேலைக் கடையில் ஏறினாள். வெள்ளையை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. தனக்கு வந்த வெள்ளையை அவள் மறக்கவில்லை. சந்தன நிறத்தில் ஒன்று எடுத்தாள். விற்கிற பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வூட்ல விசேஷமாக்கா? ரொம்ப சந்தோஷமா கீறீங்க!" என்றாள்.

புஷ்பலதா எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்து நீர் கோத்திருந்தது. வாயின் ஓர் ஓரம் மேலே ஏறி, யாரையோ இளக்காரம் செய்தது.

மகளைக் கூட்டிக்கொண்டு மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் போகிற வரைக்கும் முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். வலியை விட மோசமாக ஒன்று உள்ளே அரித்தது. இது ஊசியால் வந்த கோணல்தானா? 'உனக்கும் ஒரு நாள் வரும்' என்று சபித்தவள் அவள்தானே? இத்தனை நாள் பல்லைக் கடித்து உள்ளே பூட்டி வைத்திருந்ததை, ஊசி பூட்டைத் தளர்த்தி முகத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டதா? உண்மையாகவே தான் சிரிக்கிறோமா? அவளால் இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மடியில் கோடிச் சேலை இருந்தது.

தெருவில் பறை அதிர்ந்தது. பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் கோதண்டம் மாலையோடு கிடந்தார். தலைமாட்டில், தலை கலைந்து, முத்தாலம்மாள். எவ்வளவு இளைத்துவிட்டாள்! அதைப் பார்த்ததும் புஷ்பலதாவுக்கு முந்தானை, வாய், கோணல் எல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். குரல் பழைய குரல். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அழுகையில் இடது ஓரம் இழுத்துக்கொண்டு ஏறியது, வலது ஓரம் சும்மா கிடந்தது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள்.

"சிரிக்கிறா பாரு!"

"அடிப்பாவி! சாவு வூட்ல வந்து!"

முத்தாலம்மாளின் மகன் மகேஷ் குறுக்கே வந்து நின்றான். "இன்னா சித்தி, வேடிக்கை பாக்க வந்தியா? எங்கப்பன் செத்தது உனுக்கு அவ்ளோ குஷியா கீதா? போ வெளிய!"

"இல்லடா... ஊசிடா... வாய்ல..." அவள் விளக்கப் பார்த்தாள். பேசப் பேச வாய் இன்னும் கோணியது. யாரோ ஒருத்தி காறித் துப்பினாள். சத்யப்ரியா கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, "பெரிம்மா, அது மருந்து, பெரிம்மா!" என்று கத்தியது பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வெட்டியான் பாடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "கோடி வந்தாச்சா, இல்லையா? நேரமாவுது" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

முத்தாலம்மாள் எழுந்து வந்தாள். மகனை ஒரு கையால் ஒதுக்கினாள். தங்கையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சிரிக்கிறியாடி?"

புஷ்பலதா பல்லைக் கடித்துக்கொள்ளப் பார்த்தாள். பழக்கம் அப்படி. ஆனால் தாடை பிடிகொடுக்கவில்லை. உள்ளே இருந்தது தடுக்க ஆளில்லாமல் வெளியே வந்தது.

"தெரியலக்கா. தாடை வலிக்கு ஊசி போட்டாங்க, நான் ஒத்தடம் குடுத்துக் கெடுத்துகினேன், வாய் கோணிகிச்சு. ஆனா உனக்கும் இப்டி வரணும்னு அன்னிக்கு நான் நெனச்சேன்க்கா. வாய் தொறந்து சொன்னேன். என் வாய் வெளங்குமா? மாமாவ நான்தான் கொன்னுட்டேனாக்கா?"

முத்தாலம்மாள் கையை நீட்டி, அந்தக் கோணல் கன்னத்தைத் தொட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னதுக்கு நீ அறைஞ்சிருக்கணும்டி. ஏன் வாய மூடிகினு போன?" என்றாள். அப்புறம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சிரிச்சாக் கூட சிரிச்சுட்டுப் போட்டும். எனக்குக் கோடி போட வேற யாரு கீறா? எல்லாரும் கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. என் தங்கச்சி முன்னாடி வரட்டும்."

சம்பந்தி வீட்டுப் பெண்கள்தான் முதலில் நகர்ந்தார்கள். அப்புறம் மகேஷும் நகர்ந்தான்.

புஷ்பலதா சேலையைப் பிரித்தாள். மடிப்புக் கலையாத புதுத் துணி, கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. முத்தாலம்மாள் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தாள். அக்காவைச் சுற்றிப் போர்த்திவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டு, அந்தக் கோணல் வாயை முழுக்கத் திறந்து புஷ்பலதா அழுதாள்.